தனி இடம், தனி உரிமை, எழுதிய குறிப்பு



இன்று நான் பேச எடுத்துக்கொண்ட பொருள், லினக்ஸ் சர்வரில் பைத்தான் மென்பொருளை நிறுவும் முறை. தலைப்பைப் பார்த்ததும் சிலருக்கு ஒரு கேள்வி எழலாம். இதற்கு எதற்கு ஒரு சொற்பொழிவு? பைத்தானின் நிறுவல் கருவியான பிப்பை அழைத்து 'பிப் இன்ஸ்டால்' என்று இரண்டு சொல் தட்டினால் முடிகிற வேலைதானே இது?

முடிகிற வேலைதான். உங்கள் மடிக்கணினியில், நீங்கள் ஒருவர் மட்டும் பயன்படுத்தும் வரையில் முடிகிற வேலைதான். ஆனால் சர்வர் என்பது எப்படிப்பட்ட கணினி? நீங்கள் தூங்கும்போதும் ஓட வேண்டிய கணினி. நீங்கள் ஊரில் இல்லாதபோதும் ஓட வேண்டிய கணினி. நீங்கள் படிப்பை முடித்துவிட்டுப் போன பிறகும், முகம் தெரியாத இன்னொருவரின் பொறுப்பில் ஓட வேண்டிய கணினி. ஆகவே என் பேச்சின் சாரத்தை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். நிறுவியவர் பக்கத்தில் இருந்தால்தான் ஓடும் என்கிற சர்வர் சரியாக நிறுவப்படவில்லை. அவர் இல்லாமலும் ஓட வேண்டும்; அது பழுதானால் அவர் இல்லாமலும் மறுபடி கட்ட முடிய வேண்டும். இதற்கு மூன்று வேண்டும்: தனி இடம், தனி உரிமை, எழுதிய குறிப்பு. இந்த மூன்றையும் ஒவ்வொன்றாகப் பார்ப்போம்.

கொஞ்சம் வரலாற்றிலிருந்து தொடங்குகிறேன். 1991-ஆம் ஆண்டு பிப்ரவரியில், ஆம்ஸ்டர்டாமில் ஓர் ஆய்வு நிறுவனத்தில் பணியாற்றிய கைடோ வான் ரோஸம் பைத்தானின் முதல் பதிப்பை வெளியிட்டார். அதே 1991 ஆகஸ்டில், ஹெல்சின்கி பல்கலைக்கழகத்தில் படித்துக்கொண்டிருந்த லினஸ் டோர்வால்ட்ஸ், தாம் ஓர் இயங்குதளம் எழுதிவருவதை அறிவித்தார். ஒரே ஆண்டில் வெளிச்சத்துக்கு வந்த இந்த இரண்டும் பின்னாளில் ஒன்றோடு ஒன்று பின்னிக்கொண்டன.

எவ்வளவு தூரம் பின்னிக்கொண்டன? ரெட் ஹேட் குடும்பத்து லினக்ஸ்களில் மென்பொருளை நிறுவித் தந்த 'யம்' பைத்தானில் எழுதப்பட்டது. அதன் வாரிசாக வந்த 'டிஎன்எஃப்' பல ஆண்டுகள் பைத்தானிலேயே ஓடியது. உபுண்டுவில் ஃபயர்வாலைப் பராமரிக்கும் 'யுஎஃப்டபிள்யூ' பைத்தானில் எழுதியது. பாதுகாப்புத் திருத்தங்களைத் தானாகவே ஏற்றும் கருவியும் பைத்தானில் எழுதியதுதான். அதாவது, நீங்கள் சர்வருக்குள் நுழைவதற்கு முன்பே பைத்தான் அங்கே குடியிருக்கிறது. அதற்கு அங்கே வேலை இருக்கிறது. அந்த இயந்திரத்தை நல்லபடி நடத்தும் வேலை அது.

இங்கேதான் முதல் ஆபத்து இருக்கிறது. ஒருவர் உபுண்டு கணினியில் புதிய பைத்தான் பதிப்பு வேண்டும் என்று விரும்புகிறார். அதை நிறுவுகிறார். அதுவரை தவறில்லை. பிறகு 'பைத்தான்3' என்ற பெயர் புதிய பதிப்பையே சுட்டும்படி இணைப்பை மாற்றிவிடுகிறார். அடுத்த நாள் டெர்மினலைச் சொடுக்கினால் திறப்பதில்லை. புதிய களஞ்சியம் ஒன்றைச் சேர்க்கப் போனால், 'ஆப்ட் பிகேஜி' என்ற மாட்யூலைக் காணவில்லை என்று எரர் வருகிறது. ஏன்? அந்த மாட்யூல் பழைய பதிப்புக்கென்று கம்பைல் செய்யப்பட்டது. புதிய பதிப்பின் கண்ணுக்கு அது தெரியாது. மாற்றியது ஒரு சிறிய இணைப்பு. நின்றுபோனது இயந்திரத்தின் நிர்வாகம்.

ஆகவே முதல் விதியை மனத்தில் பதித்துக்கொள்ளுங்கள். இயங்குதளத்தின் பைத்தான் இயங்குதளத்துக்கு. நம் பைத்தான் நமக்கு.

அப்படியானால் நம் பைத்தானை எங்கே வைப்பது? இதைப் பேச ஓர் உதாரணம் வேண்டும். ஒரு கல்லூரி நூலகத்தின் நூற்பட்டியலை எடுத்துக்கொள்வோம். மாணவர்கள் ஜாங்கோவில் ஒரு செயலி எழுதியிருக்கிறார்கள். ஜாங்கோ பிறந்தது ஒரு செய்தித்தாள் அலுவலகத்தில் என்பது உங்களில் பலருக்குத் தெரிந்திருக்கும். அமெரிக்காவின் கான்சாஸ் மாநிலத்தில் லாரன்ஸ் என்ற ஊரின் நாளிதழில், அச்சுக்கு நேரமாகிறது என்ற அவசரத்தில் தளங்களைக் கட்டிய ஏட்ரியன் ஹோலோவாட்டியும் சைமன் வில்லிசனும் உருவாக்கிய கட்டமைப்பு அது. 2005-இல் பொதுவெளிக்கு வந்தது. நம் மாணவர்கள் அதைக் கொண்டு நூற்பட்டியல் செய்திருக்கிறார்கள். டெபியன் 12 ஏற்றிய ஒரு கணினி தயாராக இருக்கிறது. இனி நிறுவ வேண்டும்.

நிறுவும் முன் ஒரு கேள்வி. நமக்கு வேண்டிய மென்பொருள் டெபியனின் களஞ்சியத்திலேயே இருக்கிறதா? நாட்காட்டிகளைப் பகிரும் 'ராடிகேல்' இருக்கிறது. மடலாடற்குழுக்களை நடத்தும் 'மெயில்மேன் 3' இருக்கிறது. இரண்டும் பைத்தானில் எழுதியவை. இப்படிக் களஞ்சியத்தில் இருப்பதை டெபியனின் நிறுவல் கருவியான 'ஆப்ட்' கொண்டே நிறுவுங்கள். பாதுகாப்புத் திருத்தங்களைத் தேடித் தரும் பொறுப்பை டெபியன் தன்னார்வலர்கள் ஏற்றுக்கொள்கிறார்கள். கிடைக்கும் துணையை ஏன் மறுக்க வேண்டும்? ஆனால் நம் மாணவர்கள் எழுதிய நூற்பட்டியல் எந்தக் களஞ்சியத்திலும் இருக்காது. அதை நாமேதான் குடியேற்ற வேண்டும்.

ஆர்வமுள்ள மாணவர் என்ன செய்வார்? முழு நிர்வாக உரிமை தரும் 'சூடோ'வைச் சேர்த்து, 'சூடோ பிப் இன்ஸ்டால் ஜாங்கோ' என்று தட்டுவார். டெபியன் 12-இல் அது நடக்காது. 'இந்தச் சூழல் வெளியிலிருந்து நிர்வகிக்கப்படுகிறது' என்ற பொருளில் ஓர் எரர் வந்து நிற்கும். பல பேர் இதைக் கண்டு எரிச்சல் அடைகிறார்கள். நான் சொல்கிறேன், அந்த எரருக்கு நன்றி சொல்ல வேண்டும். பைத்தான் சமூகம் 'பெப் 668' என்ற ஆவணத்தில் வகுத்த பாதுகாப்பு அது. உபுண்டு 23.04-லும் 2023 ஜூனில் வந்த டெபியன் 12-லும் அது நடைமுறைக்கு வந்தது. தடையைத் தாண்டிப் போக 'பிரேக் சிஸ்டம் பேக்கேஜஸ்' என்று ஓர் ஆப்ஷன் உண்டு. இணையத்தில் தேடினால் அதைத்தான் முதல் தீர்வாகச் சொல்வார்கள். தயவுசெய்து சர்வரில் அதைச் செய்யாதீர்கள்.

செய்ய வேண்டியது வேறு. அண்ணன் தம்பிகள் ஒரே வீட்டில் இருந்துகொண்டு தனி அடுப்பு வைப்பதில்லையா? கூரை ஒன்று, கிணறு ஒன்று. ஆனால் அவரவர் உலையில் அவரவர் அரிசி. ஒருவர் குழம்பில் காரம் கூடினால் மற்றவர் கண் கலங்க வேண்டியதில்லை. பைத்தானில் இதற்கு 'வென்வ்' என்று பெயர். 2012-இல் வந்த பைத்தான் 3.3 பதிப்பிலிருந்து மொழியோடு சேர்ந்தே வருகிறது.

ஆனால் டெபியனில் ஒரு நுணுக்கம் இருக்கிறது. அங்கே வென்வ் வசதியைத் தனி பேக்கேஜாகப் பிரித்து வைத்திருக்கிறார்கள். 'ஆப்ட்' மூலம் 'பைத்தான்3 வென்வ்' பேக்கேஜை நிறுவாமல் தொடங்கினால், 'என்ஷ்யூர்பிப்' இல்லை என்று பாதியில் நின்றுவிடும். அதை நிறுவியபின், 'எஸ்ஆர்வி' அடைவின் கீழ் 'நூலகம்' என்று பொருள்படும் ஓர் அடைவை உண்டாக்கி, அதற்குள் வென்வை உருவாக்குங்கள்.

உருவானதும் அதைத் திறந்து பாருங்கள். பயப்பட அதில் ஒன்றும் இல்லை. 'பின்' என்ற அடைவில் பைத்தானும் பிப்பும் இருக்கும். அந்தப் பைத்தான்கூட, இயங்குதளத்தின் பைத்தானைச் சுட்டும் ஓர் இணைப்புதான். 'லிப்' என்ற அடைவில் நாம் நிறுவும் லைப்ரரிகள் வந்து சேரும். கூடவே 'பைவென்வ்' என்று தொடங்கும் சின்ன அமைப்புக் கோப்பு ஒன்று இருக்கும். அவ்வளவுதான் வென்வ். இதற்குள் ஜாங்கோ எந்தப் பதிப்பாக இருந்தாலும் பக்கத்து வென்வுக்குத் தெரியாது, இயங்குதளத்துக்கும் தெரியாது.

இரண்டு எச்சரிக்கைகள். ஒன்று, வென்வை ஓரிடத்திலிருந்து இன்னோரிடத்துக்கு நகர்த்தாதீர்கள். அதற்குள் இருக்கும் ஸ்கிரிப்டுகளின் முதல் வரியில் முழு முகவரி எழுதப்பட்டிருக்கும். இடம் மாறினால் அவை ஓடா. இரண்டு, டெபியன் 12-இல் இருப்பது பைத்தான் 3.11. 2025-இல் வந்த டெபியன் 13-இல் இருப்பது 3.13. இயங்குதளத்தை மேம்படுத்தினால் பழைய வென்வ் வேலைக்கு ஆகாது. அழித்துவிட்டுப் புதிதாகக் கட்ட வேண்டும். அழிப்பதா என்று அஞ்சுகிறீர்களா? அஞ்ச வேண்டாம். எந்த லைப்ரரி, எந்தப் பதிப்பு என்று 'ரெக்வயர்மென்ட்ஸ்' கோப்பில் எழுதி வைத்திருந்தால், ஒரே கட்டளையில் எல்லாம் திரும்ப வந்துவிடும். வென்வ் அழியலாம், அந்தக் கோப்பு அழியக் கூடாது.

அந்தக் கோப்பைப் பற்றி இன்னும் கொஞ்சம் சொல்ல வேண்டும். அதில் 'ஜாங்கோ' என்று மட்டும் எழுதினால் போதாது. பதிப்பு எண்ணோடு எழுதுங்கள். இன்று நிறுவினால் ஒரு பதிப்பு, ஆறு மாதம் கழித்து நிறுவினால் வேறொரு பதிப்பு என்றால், இன்று ஓடும் செயலி அன்று ஓடும் என்று எப்படி நம்புவது? பெயரையும் எழுத்து எழுத்தாகச் சரிபாருங்கள். பைத்தான் லைப்ரரிகள் குவிந்திருக்கும் 'பைபிஐ' களஞ்சியத்தில் யார் வேண்டுமானாலும், பிறர் எடுக்காத பெயரில் ஒன்றைப் பதிவேற்றலாம். 2017-இல் ஸ்லோவாக்கியா நாட்டின் தேசியப் பாதுகாப்பு அலுவலகம் ஓர் எச்சரிக்கை வெளியிட்டது. 'யுஆர்எல்லிப்3' என்ற புகழ்பெற்ற லைப்ரரியின் பெயரில் ஓர் 'எல்' எழுத்தை மட்டும் குறைத்து ஒருவர் பேக்கேஜ் வைத்திருந்தார். 'ஜாங்கோ சர்வர்' என்ற பெயரிலும் ஒன்று இருந்தது. நிறுவியவரின் பயனர் பெயரையும் கணினியின் பெயரையும் அவை வெளியே அனுப்பிக்கொண்டிருந்தன. அவசரத்தில் ஓர் எழுத்தை விட்டவர்கள் அதில் அகப்பட்டார்கள். நிறுவும் நேரத்திலேயே அந்தப் பேக்கேஜின் நிரல் ஓட முடியும் என்பதை மறக்காதீர்கள். அதையே 'சூடோ' போட்டு நிறுவினால்? முழு இயந்திரத்தின் சாவியையும் முன்பின் தெரியாதவரிடம் கொடுத்ததாக ஆகும்.

சரி, வென்வ் ஆயிற்று, பெயர்களும் சரி. நிறுவத் தொடங்குகிறோம். நூற்பட்டியலுக்குத் தரவுத்தளம் போஸ்ட்கிரெஸ். அதோடு பைத்தான் பேச 'சைகோபிஜி2' என்ற லைப்ரரி வேண்டும். பிப் அதை இறக்குகிறது. திடீரென்று திரை முழுக்கச் சிவப்பு எழுத்து. பத்துப் பதினைந்து வரி ஓடி நிற்கிறது. இங்கேதான் புதியவர்கள் மனம் உடைந்துபோகிறார்கள். தம்பிகளே, தங்கைகளே, பதறாதீர்கள். அந்த வரிகளுக்குள் காரணம் தெளிவாக எழுதப்பட்டிருக்கும். 'பிஜி கான்ஃபிக் என்ற நிரல் கிடைக்கவில்லை' என்று ஒரு வரி சொல்லும். அதன் பொருள் என்ன? இந்த லைப்ரரியின் ஒரு பகுதி சி மொழியில் எழுதப்பட்டது. அதை உங்கள் கணினியிலேயே கம்பைல் செய்ய வேண்டும். அதற்குப் போஸ்ட்கிரெஸின் கட்டுமானக் கோப்புகள் வேண்டும். பைத்தானின் கட்டுமானக் கோப்புகள் வேண்டும். சி கம்பைலர் வேண்டும். 'லிப்பிக்யூ டெவ்', 'பைத்தான்3 டெவ்', 'பில்ட் எசென்ஷியல்' என்ற மூன்று பேக்கேஜ்களை 'ஆப்ட்' மூலம் நிறுவிவிட்டு அதே கட்டளையை மறுபடி கொடுங்கள். சிவப்பு மறையும். எரர் வந்தால் பாதிப் பேர் அதை அப்படியே நகலெடுத்துத் தேடப் போகிறார்கள். முதலில் படியுங்கள். கடைசி வரியிலிருந்து மேல்நோக்கிப் படியுங்கள். எரரைப் படிக்கத் தெரிந்தவர்தான் சர்வரை நடத்தத் தெரிந்தவர்.

தனி இடம் பற்றிச் சொன்னேன். இப்போது தனி உரிமைக்கு வருகிறேன்.

இந்தச் செயலி யாருடைய பெயரில் ஓட வேண்டும்? எல்லா உரிமையும் உடைய ரூட்டின் பெயரிலா? கூடவே கூடாது. உங்கள் சொந்தப் பெயரிலா? அதுவும் வேண்டாம். நூற்பட்டியலுக்கென்றே ஒரு சிஸ்டம் பயனரை உருவாக்குங்கள். அவருக்குக் கடவுச்சொல் இல்லை. அவர் லாகின் செய்ய முடியாது. அவருக்குத் தன் அடைவைத் தவிர வேறெதையும் மாற்ற உரிமை இல்லை. நாளை செயலியில் ஓர் ஓட்டை கண்டுபிடித்து யாரோ உள்ளே புகுந்தாலும், புகுந்தவர் கைக்குக் கிடைப்பது அந்தப் பயனருக்கு இருக்கும் உரிமை மட்டும்தான். நூற்பட்டியல் போகலாம், சர்வர் போகாது. தரவுத்தளத்திலும் அப்படியே. நூற்பட்டியலுக்கென ஒரு தரவுத்தளம், அதற்கென ஒரு பயனர், அவருக்கு அந்த ஒரு தரவுத்தளத்தில் மட்டும் உரிமை.

தரவுத்தளம் என்றதும், தமிழில் வேலை செய்யும் நாம் மற்றவர்களைவிடக் கூடுதலாகக் கவனிக்க வேண்டிய ஒன்றைச் சொல்லியாக வேண்டும். இதை அழுத்திச் சொல்கிறேன். 'தமிழ்' என்ற சொல்லில் எத்தனை எழுத்து? மூன்று. பைத்தானிடம் கேளுங்கள், ஐந்து என்று சொல்லும். த, ம, இகரக் குறி, ழ, புள்ளி என்று ஐந்து குறியீடுகளாக யூனிகோடு அதை வைத்திருக்கிறது. யுடிஎஃப்-8 முறையில் ஒவ்வொரு குறியீட்டுக்கும் மூன்று பைட். ஆக மொத்தம் பதினைந்து பைட்.

இதற்கும் நிறுவுவதற்கும் என்ன தொடர்பு என்கிறீர்களா? நிறையத் தொடர்பு இருக்கிறது. டெபியனில் போஸ்ட்கிரெஸை நிறுவும் நேரத்தில் சர்வரின் மொழியமைப்பு அமைக்கப்படாமலே இருந்தால், தரவுத்தளம் 'எஸ்க்யூஎல் ஆஸ்கி' என்ற முறையில் உருவாகிவிடும். வாடகைக்குக் கிடைக்கும் சில சிறிய சர்வர்களில் மொழியமைப்பே தரப்பட்டிருக்காது. அந்த முறையில் தரவுத்தளம் எழுத்தை எழுத்தாகப் பார்ப்பதில்லை; பைட்டாகப் பார்க்கிறது. ஐம்பது எழுத்து வரை கொள்ளும் என்று நீங்கள் ஒதுக்கிய தலைப்புக் கட்டத்தில் பதினாறு தமிழ்க் குறியீட்டுக்கு மேல் நுழையாது. எத்தனை தமிழ் நூல்களின் தலைப்பு அதற்குள் அடங்கும்? ஆகவே போஸ்ட்கிரெஸை நிறுவும் முன்னரே, 'லோகேல்' கட்டளையைக் கொடுத்துப் பாருங்கள். யுடிஎஃப்-8 இல்லையென்றால் அதை அமைத்துவிட்டு நிறுவுங்கள். தரவு சேர்ந்த பிறகு மாற்றுவது பெரும்பாடு.

அடுத்தது அகர வரிசை. யூனிகோடு எண் வரிசையில் 'ந'வுக்கு அடுத்து 'ன' வந்துவிடுகிறது. 'ர'வுக்கு அடுத்து 'ற' வந்துவிடுகிறது. 'ள', 'ழ' இரண்டும் 'வ'வுக்கு முன்பே வந்துவிடுகின்றன. நம் அகராதி வரிசை அப்படியா? ய, ர, ல, வ, ழ, ள, ற, ன என்றல்லவா நாம் படித்தோம்? தரவுத்தளத்தை வெறும் 'சி' வரிசையில் விட்டால், நூற்பட்டியல் யூனிகோடு எண்ணின்படி அடுக்கப்படும். நூலகரும் வாசகரும் தேடிக் களைத்துப்போவார்கள். போஸ்ட்கிரெஸ் 10-ஆம் பதிப்பிலிருந்து 'ஐசியு' என்ற பன்மொழி வரிசை வசதி இருக்கிறது. அதில் தமிழுக்குரிய வரிசையைத் தேர்ந்தெடுத்தால் பட்டியல் தமிழ் முறைப்படி நிற்கும். நம் மொழிக்கான வசதியை உலகம் செய்து வைத்திருக்கிறது. அதைத் தேர்ந்தெடுக்கும் அக்கறை நமக்கு வேண்டும்.

இனி செயலியை ஓட்டும் கட்டம். ஜாங்கோவில் 'ரன்சர்வர்' என்று ஒரு கட்டளை இருக்கிறது. தட்டினால் செயலி ஓடும். பிரௌசரில் தெரியும். அப்பாடா, முடிந்தது என்று பலர் அங்கேயே நின்றுவிடுகிறார்கள். அது எழுதிப் பார்ப்பதற்கான வசதி மட்டுமே. பொதுமக்களுக்கு அதைத் திறந்துவிடாதீர்கள் என்று ஜாங்கோவின் ஆவணமே எச்சரிக்கிறது. அந்த இடத்தில் 'குனிகார்ன்' வர வேண்டும். வென்வுக்குள்ளேயே பிப் மூலம் அதை நிறுவலாம். குனிகார்ன் ஒரே செயலியைப் பல பணியாளர்களாகப் பிரித்து ஓட்டும். எத்தனை பணியாளர்? கணினியின் கோர் எண்ணிக்கையை இரண்டால் பெருக்கி ஒன்று கூட்டுங்கள் என்று அதை உருவாக்கியவர்கள் தொடக்கக் கணக்கு தருகிறார்கள். இரண்டு கோர் என்றால் ஐந்து பணியாளர். ஒரு பணியாளர் முப்பது நொடி பேச்சுமூச்சு இல்லாமல் இருந்தால் குனிகார்ன் அவரை நிறுத்திவிட்டு வேறொருவரை அமர்த்தும்.

ஆனால் குனிகார்னையும் நேரே வாசலில் நிறுத்தக் கூடாது. வாசலில் நிற்க வேண்டியது 'எஞ்சின்எக்ஸ்'. இகோர் சிசோயெவ் எழுதி 2004-இல் வெளியிட்ட வலைச் சர்வர் அது. வெளியுலகுக்கான 80, 443 ஆகிய போர்ட்டுகளில் எஞ்சின்எக்ஸ் நிற்கும். குனிகார்ன் 8000-ஆவது போர்ட்டில், அந்தக் கணினிக்குள் இருப்பவர்களுக்கு மட்டும் பதில் சொல்லிக்கொண்டு உள்ளே இருக்கும். இந்த ஏற்பாடு ஏன்? மெதுவான மொபைல் இணைப்பில் ஒருவர் பக்கத்தைக் கேட்டால், அவருக்குச் சொட்டுச் சொட்டாகப் பதில் தரும் பொறுமை எஞ்சின்எக்ஸுக்கு உண்டு. அந்த நேரமெல்லாம் குனிகார்னின் பணியாளர் ஒருவர் மாட்டிக்கொண்டிருந்தால், மற்றவர்கள் காத்துக் கிடக்க வேண்டும். இன்னொன்றும் தெரிந்துகொள்ளுங்கள். பிரௌசரில் '502 பேட் கேட்வே' என்று வந்தால், எஞ்சின்எக்ஸ் நலமாக இருக்கிறது. உள்ளே இருக்கும் செயலிதான் பதில் சொல்லவில்லை. எங்கே தேட வேண்டும் என்பதை அந்த எண்ணே காட்டிவிடுகிறது.

மறையாக்கச் சான்றிதழுக்குச் செலவு செய்ய வேண்டியதில்லை. 'லெட்ஸ் என்கிரிப்ட்' இலவசமாகத் தருகிறது. அதை வாங்கித் தந்து, காலாவதியாகும் முன் தானே புதுப்பிக்கும் 'செர்ட்பாட்' கருவியும் பைத்தானில் எழுதியதுதான்.

நண்பர்களே, இப்போது ஒரு முக்கியமான கேள்வி. இரவு இரண்டு மணிக்கு மின்சாரம் போகிறது. மூன்று மணிக்கு வருகிறது. சர்வர் தானாக எழுந்துகொள்கிறது. உங்கள் நூற்பட்டியல் எழுந்துகொள்ளுமா?

டெர்மினலில் கட்டளை கொடுத்து ஓட விட்டிருந்தால் எழாது. காலையில் யாராவது வந்து மறுபடி கட்டளை கொடுக்கும் வரை எழாது. ஆகவே அதை, கணினி எழும்போது சர்வீஸ்களைத் தொடங்கி நடத்தும் 'சிஸ்டம்டி'யிடம் ஒப்படைக்க வேண்டும். ஒரு சிறிய கோப்பு. அதில் எந்தப் பயனர், எந்த அடைவு, எந்தக் கட்டளை, விழுந்தால் மறுபடி எழுப்ப வேண்டுமா என்று எழுத வேண்டும். கட்டளையில் வென்வுக்குள் இருக்கும் குனிகார்னின் முழு முகவரியைக் கொடுத்தால் போதும். வென்வைத் தனியாக ஆக்டிவேட் செய்யத் தேவையில்லை. கோப்பை எழுதியபின் 'ஸ்டார்ட்' கொடுத்தால் இப்போது ஓடும். 'எனேபிள்' கொடுத்தால்தான் அடுத்த முறை கணினி எழும்போதும் ஓடும். இந்த இரண்டுக்கும் உள்ள வேறுபாட்டைக் கவனிக்காமல் விட்டதால் மின்வெட்டுக்குப் பிறகு இருண்டு கிடக்கும் சர்வர்கள் ஏராளம். எல்லாம் முடிந்ததும், சர்வரை நீங்களே ஒரு முறை ரீபூட் செய்யுங்கள். கையை வைக்காமல் காத்திருங்கள். நூற்பட்டியல் தானாக வந்து நிற்கிறதா? வந்தால்தான் வேலை முடிந்தது. வராவிட்டால் 'ஜர்னல்சிடிஎல்' கட்டளையில் உங்கள் சர்வீஸின் பெயரைக் கொடுத்தால், ஏன் வரவில்லை என்பதை லாக் சொல்லும்.

செயலியின் அமைப்புகளில் மூன்றை மட்டும் சொல்லிக் கடக்கிறேன். 'டீபக்' என்பதை அணைத்துவிடுங்கள். திறந்திருந்தால் எரர் வரும்போதெல்லாம் உங்கள் நிரலின் உட்புறத்தை ஊருக்கே காட்டும். 'சீக்ரெட் கீ'யையும் தரவுத்தளக் கடவுச்சொல்லையும் நிரலுக்குள் எழுதாமல் தனிக் கோப்பில், அந்தப் பயனர் மட்டும் படிக்கும் உரிமையோடு வையுங்கள். 'செக்' கட்டளையோடு 'டிப்ளாய்' சேர்த்துக் கொடுத்தால், விட்டுப்போன பாதுகாப்பு அமைப்புகளை ஜாங்கோவே பட்டியலிட்டுத் தரும்.

கடைசியாக, மூன்றாவது. எழுதிய குறிப்பு.

நான் இதுவரை சொன்னவை எல்லாம் ஒரு நாளில் செய்து முடிக்கக்கூடியவை. ஆனால் அவற்றை எந்த வரிசையில், எந்தக் கட்டளையால், என்ன காரணத்தால் செய்தீர்கள் என்பது உங்கள் தலைக்குள் மட்டும் இருந்தால் அந்தச் சர்வர் உங்களோடு போய்விடும். நம் கல்லூரிகளில், நூலகங்களில், சிறு அலுவலகங்களில் நல்ல மென்பொருள்கள் செத்துப்போவதற்கு நிரலின் குறை அரிதாகவே காரணம். நிறுவிய மாணவர் தேர்ச்சி பெற்றுப் போய்விட்டார், பிறகு யாருக்கும் அதைத் தொடத் துணிவில்லை, அதுதான் காரணம். திருத்தங்கள் ஏறுவதில்லை. பதிப்புகள் பழசாகின்றன. 2020 ஜனவரி 1 அன்று பைத்தான் 2-க்கான ஆதரவு நின்ற பிறகும், எப்படி மாற்றுவது என்று தெரியாமல் அதிலேயே தங்கிப்போன செயலிகள் எத்தனை!

ஆகவே எழுதுங்கள். எந்தப் பேக்கேஜ்களை நிறுவினீர்கள்? எழுதுங்கள். எந்தப் பயனரை உருவாக்கினீர்கள்? எழுதுங்கள். எந்தக் கோப்பில் எந்த வரியை மாற்றினீர்கள், ஏன் மாற்றினீர்கள்? எழுதுங்கள். 'பிஜி டம்ப்' கொண்டு தினமும் எடுக்கும் பேக்கப் எங்கே போய்ச் சேர்கிறது? எழுதுங்கள். அந்தப் பேக்கப்பிலிருந்து தரவைத் திரும்ப ஏற்றும் முறையை எழுதுங்கள். எழுதியபடி இன்னொரு கணினியில் ஏற்றியும் பாருங்கள். திரும்ப ஏற்றிப் பார்க்காத பேக்கப்பை நம்பக் கூடாது.

எழுதிய பிறகு ஒரு சோதனை. அந்தக் குறிப்பை இந்த வேலையில் பங்கெடுக்காத ஒரு தோழியிடம் கொடுங்கள். ஒரு பழைய கணினியையும் கொடுங்கள். நீங்கள் வாயைத் திறக்காமல் உட்காருங்கள். குறிப்பை மட்டும் படித்து அவர் நூற்பட்டியலை நிறுவ வேண்டும். அவர் எங்கே தடுமாறுகிறாரோ அங்கே உங்கள் குறிப்பில் ஒரு வரி குறைகிறது என்று பொருள். அந்த வரியைச் சேருங்கள். அவர் யாரையும் கேட்காமல் முடிக்கும் வரை சேர்த்துக்கொண்டே இருங்கள்.

இதைத் தமிழில் எழுதுங்கள் என்று உங்களைக் கேட்டுக்கொள்கிறேன். கட்டளைகள் ஆங்கிலத்தில் இருக்கட்டும்; அவை அப்படித்தான் இருக்கும். ஆனால் ஏன் இந்தக் கட்டளை, தவறினால் என்ன ஆகும் என்ற விளக்கம் நம் மொழியில் இருக்கட்டும். 'கணியம்' போன்ற முயற்சிகள் லினக்ஸையும் பைத்தானையும் கட்டற்ற மின்னூல்களாகத் தமிழில் தந்து வழி காட்டியிருக்கின்றன. தமிழ் எழுத்துகளைக் கையாளும் 'ஓப்பன் தமிழ்' லைப்ரரியை இன்று உலகின் எந்த மூலையிலிருந்தும் பிப் மூலம் ஒரே வரியில் நிறுவிக்கொள்ளலாம். நமக்கு முன்னால் வந்தவர்கள் உழைத்து நம் கையில் கொடுத்தவை இவை. நம் பங்காக நாம் எதைக் கொடுக்கப் போகிறோம்?

இந்த அவையில் இருக்கும் மாணவர்கள் இந்தப் பருவம் முடிவதற்குள் ஒரு காரியம் செய்ய வேண்டும். உங்கள் கல்லூரியில் பயன்படாமல் கிடக்கும் ஒரு கணினியைக் கேட்டு வாங்குங்கள். டெபியனை ஏற்றுங்கள். ஒரு பைத்தான் மென்பொருளைத் தனி இடத்தில், தனி உரிமையோடு நிறுவுங்கள். நிறுவியதைத் தமிழில் எழுதி, உங்களுக்கு அடுத்த ஆண்டு மாணவர் கையில் கொடுத்துவிட்டுப் போங்கள். அவர் அதைப் படித்துத் தானே நிறுவிக்கொள்ளும் நாளில்தான் உங்கள் வேலை முடிகிறது.